கூலிக்கு மாரடித்தவள்

பெரியவளின் தம்பி முதன்முதலாகச் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். ஜன்னல் இல்லாத சின்ன அறை. இரண்டு நாற்காலிகள், ஒரு குட்டி மேசை, அதன்மேல் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் காகிதம் வைத்த பெட்டி. எதிரே உட்கார்ந்திருந்த இளம் டாக்டர் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டே, "உங்க தம்பியைக் காப்பாத்த முடியலைங்க" என்றான். அவள் அழ வேண்டும். அழுதாள். சுவரில் பதித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ பேனாவால் எதையோ குறித்துக்கொண்டார்கள். மணி அடித்தது. டாக்டர் எழுந்து போனான். கதவு சாத்தித் திறந்தது. அடுத்தவன் வந்தான், வணக்கம் சொன்னான், உட்கார்ந்தான். தம்பி மறுபடியும் செத்தான்.

அதே நேரத்தில், கடல் தாண்டி, சின்னவன் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரும்புக் கயிற்றைச் சோதித்துக்கொண்டிருந்தான். வாயில் ஒரு விசில். அதற்கு ராகமும் கிடையாது, தாளமும் கிடையாது.

அந்த வீட்டில் பிள்ளைகள் இவர்கள் இரண்டு பேர்தான். அப்பா இல்லை. பெரியவள் படிப்பில் கெட்டி; சின்னவன் கையில் ஸ்க்ரூ டிரைவர் கிடைத்தால் கடிகாரம்கூடத் தப்பாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்தபோது, விமான டிக்கெட்டுக்காகச் சின்னவன் தன் பைக்கை விற்றான். அதைத் துடைத்துத் துடைத்தே பெயின்ட் உரிந்துவிடும் என்று அம்மா திட்டுவாள், அப்படி வைத்திருந்தான். விற்ற அன்று, "பஸ்ஸுல போனா தூங்கிட்டே போலாம்க்கா" என்றான். அவ்வளவுதான் அதைப் பற்றிய பேச்சு.

குடிநீர்க் குழாய்களின் உள்சுவரில் படியும் வழுவழுப்பான படலத்தைப் பற்றி அவள் ஆராய்ச்சி. குழாய்த் துண்டுகளை வரிசையாக மாட்டி, பம்பு வைத்துத் தண்ணீரை ஓடவிட்டு, படலம் வளரக் காத்திருக்க வேண்டும். வளர மாதக்கணக்கில் ஆகும். காய்ந்து போக ஒருநாள் போதும். இரண்டாம் வருடத்தில் பம்பு நின்றுபோய் எல்லாம் காய்ந்தது. முதலிலிருந்து தொடங்கினாள். உதவித்தொகை மூன்று வருடத்துக்குத்தான். அதற்குப் பம்பு நின்ற கதையெல்லாம் தெரியாது. சொன்ன தேதியில் நின்றுவிட்டது.

ஆராய்ச்சி பாதியில் நின்றது. கட்டணம் நிற்கவில்லை, வாடகை நிற்கவில்லை. அவள் மாணவர்களின் ஆய்வக நோட்டுகளைத் திருத்தினாள். தேர்வு அறைகளில் மேற்பார்வைக்கு நின்றாள். பல்கலைக்கழக உணவகத்தில் தட்டு கழுவினாள். வேலைக்குப் பஞ்சமில்லை, ஆனால் வெளிநாட்டு மாணவி வாரத்துக்கு இத்தனை மணிநேரம்தான் வேலை செய்யலாம் என்று விசாவில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஆறு நிறையத் தண்ணீர் போனாலும் நாய் நக்கித்தானே குடிக்க வேண்டும். ஆகவே, இருக்கிற கொஞ்ச மணிநேரத்துக்கு அதிகக் கூலி தரும் வேலையாகத் தேடினாள்.

அப்படித்தான் மருத்துவக் கல்லூரியின் பயிற்சிக்கூடத்துக்குப் போனாள். டாக்டருக்குப் படிக்கிறவர்கள் பேசிப் பழக, நோயாளியாக நடிக்க ஆள் தேவைப்பட்டது. அதன் பொறுப்பாளர் ஒரு முன்னாள் நர்ஸ். பெரியவள் மனசுக்குள் அவருக்கு நர்ஸம்மா என்றே பெயர் வைத்துக்கொண்டாள். முதலில் தலைவலி கொடுத்தார்கள். பிறகு முதுகுவலி, மூச்சுத் திணறல். வேலை பிடித்திருந்தது. சின்னவன் மதிய சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவான். அவளுக்கு அப்போதுதான் விடிந்திருக்கும்.

"இன்னிக்கு என்ன வியாதிக்கா?"

"குடல்வால்."

"உனக்கு அதெல்லாம் வராது. கணக்குப் பரீட்சை அன்னிக்கு எனக்கு வருமே, அந்த மாதிரி சுருண்டு படுத்துக்க. அப்பாவே ஏமாந்திருக்கார்."

"அப்பா ஏமாறலைடா. பாவம்னு விட்டார்."

"அப்ப என்னை வரச்சொல்லு. எனக்குப் பிறவித் திறமை. ஒரே நாள்ல அவங்க காலேஜையே நிரப்பிடுவேன்."

சில மாதம் கழித்து நர்ஸம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டார். சாவுச் செய்தி சொல்லப் பழகும் வகுப்புக்கு ஆள் வேண்டும். கூலி ஒன்றரை மடங்கு.

"ஏன் அதிகம்னா, இது கூடவே வீட்டுக்கு வரும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

கட்டணம் கட்டும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் யோசிக்கவில்லை.

கொடுத்த அட்டையில் நாலே வரி. உங்களுக்கு ஒரு தம்பி. வயது இருபத்தைந்து. இன்று காலை சாலை விபத்து. அவனைத் தேடி மருத்துவமனைக்கு வந்திருக்கிறீர்கள். மிச்சத்தை நீங்கள் கொண்டுவர வேண்டும் என்றார் நர்ஸம்மா. ஒத்திகையில் அவள் ஒரு கற்பனைத் தம்பியை வைத்துப் பார்த்தாள். கண் வறண்டு கிடந்தது.

"முகம் இல்லாம அழுகை வராது. உங்களுக்குத் தெரிஞ்ச யாரையாவது நினைச்சுக்கங்க" என்றார் நர்ஸம்மா.

தெரிந்த தம்பி ஒருவன்தானே இருந்தான்.

அவள் வீட்டில், கடைக்குப் புறப்படும்போதுகூட 'போறேன்' என்று சொல்லக் கூடாது. 'வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். விளையாட்டுக்குக்கூட வாயில் நல்ல சொல் வரவேண்டும், சொன்ன சொல் பலித்துவிடும் என்பாள் அம்மா. அதெல்லாம் அவளுக்கு நினைவு வராமல் இல்லை. ஆனால் அந்த அறையில் பேசுவது வேறு மொழி. அந்த மொழியில் சொன்னால் விதிக்கு விளங்காது என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். தம்பியை எடுத்து அட்டைக்குள் வைத்தாள். முகவாய்த் தழும்பு. ராகமில்லாத விசில். முழங்கையைக் கண்மேல் போட்டுக்கொண்டு தூங்கும் பழக்கம். அட்டையில் சாலை விபத்து என்று இருந்ததால், விற்றுப்போன அந்தப் பைக்கையும் மீட்டுக் கொடுத்தாள். அந்த அறையில் அவன் எப்போதும் அந்தப் பைக்கிலிருந்துதான் விழுந்தான்.

முதல் நாள், மூன்றாவதாக வந்த டாக்டர் அந்தச் செய்தியைச் சொன்னபோது, அவளையறியாமல் "டேய்..." என்று ஒரு கூப்பாடு வெளியே வந்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் நர்ஸம்மா வேகமாக வந்தார்.

"அது என்ன சொல்?"

"ஒண்ணுமில்லைங்க. வாய் தவறி வந்துடுச்சு. எங்க பாஷையில தம்பியைக் கூப்பிடுறது."

"அந்தப் பையன் அதைக் கேட்டு அப்படியே உறைஞ்சு போய்ட்டான், பாத்தீங்களா? அதை விட்டுடாதீங்க. ஒவ்வொரு தடவையும் வேணும்."

அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு தடவையும் "டேய்" என்று கூப்பிட்டாள். விதிக்குப் புரியாத மொழி என்று போட்டு வைத்திருந்த வேலியில் அந்த ஒரு சொல் பொத்தலிட்டது. அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

வருகிறவர்கள் பல மாதிரி. ஒருவன், "உங்க தம்பி நம்மளை விட்டுப் போய்ட்டார்" என்பான், "எங்க போய்ட்டான்?" என்று அவள் கேட்க வேண்டும், அவன் திணற வேண்டும். ஒருத்தி சாவு என்ற சொல்லைச் சொல்லாமலே கால்மணி நேரம் இரத்த ஓட்டத்தைப் பற்றிப் பாடம் நடத்தினாள். இன்னொருவன் சொல்லிவிட்டுத் தானே அழுதுவிட்டான். பெரியவள் அவன் தோளைத் தட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொருவர் போன பிறகும் அவள் மதிப்பெண் போட வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேசினாரா? இறந்துவிட்டார் என்று தெளிவாகச் சொன்னாரா? பதில் சொல்ல உங்களுக்கு நேரம் கொடுத்தாரா? முகத்தைத் துடைத்துக்கொண்டே போட்டாள்.

விருப்பமில்லாமல் செய்யும் வேலையைக் கூலிக்கு மாரடிப்பது என்று ஊரில் சொல்வார்கள். தட்டு கழுவியபோது அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள். இப்போது அந்தச் சொல் அவள் வாயில் வரவில்லை. இந்த வேலையைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை. இன்னும் தலைவலி, குடல்வால்தான் என்று சின்னவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதலில் கெட்டுப்போனது போன் பேச்சு. திரையில் அவன் முகம் வந்தால் அவளுக்கு நெஞ்சு திக்கென்றது. காலையில் செத்தவன் பல் தெரியச் சிரிக்கிறான். முகவாய்த் தழும்பைப் பார்த்தாள். அதை எத்தனை பேரிடம் வர்ணித்திருக்கிறாள்! அது இப்போது பிணத்தை அடையாளம் காட்டும் குறியாக இருந்தது.

"என்னக்கா, பேயைப் பாத்த மாதிரி பாக்கற?"

"ஒண்ணுமில்லைடா. சிக்னல் சரியில்லை" என்று வைத்துவிட்டாள்.

அப்புறம் அவன் கூப்பிட்டால் எடுப்பதைக் குறைத்தாள். எழுத்தில் பதில் போட்டாள். அவன் குரலைப் பதிவு செய்து அனுப்பினான், அவள் திறக்கவில்லை. திறக்காத குரல்கள் போனில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போயின.

பஸ்ஸில் முன்சீட்டில், அவன் வேலைக்குப் போடுவது போன்ற நீலச் சட்டையின் முதுகு தெரிந்தால் இறங்கும்வரை அதையே பார்ப்பாள். ஆய்வகத்தில் ஒருநாள் விசில் கேட்டது. பம்பில் காற்று சிக்கினால் அப்படித்தான் சத்தம் வரும் என்று அவளுக்குத் தெரியும். அவளே நூறு தடவை சரிசெய்திருக்கிறாள். ஆனாலும் குழாய் வரிசைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வால்வைத் திறந்தாள். லிஃப்டில் ஏறுவதையும் விட்டாள். பெட்டி நகரும்போது தலைக்கு மேலே கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்கும், யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்து எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவது போல. மூச்சு வாங்கப் படியேறிப் போனாள்.

அவளோடு அறையைப் பங்கிட்டுக்கொண்டவள் வேறொரு நாட்டுக்காரி, மொழியியல் ஆராய்ச்சி செய்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அறைத்தோழி தன் தம்பி எந்நேரமும் தூங்குகிறான் என்று சொல்லிச் சிரித்தாள். பெரியவளும் சிரித்துக்கொண்டே, "என் தம்பியும் அப்படித்தான் இருந்தான். கையைக் கண்ணுக்கு மேல போட்டுட்டுத் தூங்கினான். எந்நேரமும் விசில் அடிச்சான். நல்ல பையன்" என்றாள்.

ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த அறைத்தோழியின் கை நின்றது. வினைச்சொல்லின் காலம் அவளிடமிருந்து தப்புமா? கத்தியை மெதுவாக வைத்தாள்.

"எப்படி ஆச்சு?"

"பைக்ல" என்றாள் பெரியவள்.

யோசித்துச் சொன்னதில்லை. அந்தக் கேள்விக்கு அந்த மொழியில் அவள் நாக்குக்குப் பழகியிருந்த பதில் அது ஒன்றுதான். இல்லை, அவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்ல வாய் திறந்தபோது அறைத்தோழி எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த அணைப்பு கதகதப்பாக இருந்தது. வெகுநாளாக யாரும் அவளைத் தொடவில்லை. ஒரு நிமிடம் இருந்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். அந்த ஒரு நிமிடத்தில் காரியம் கை மீறிவிட்டது.

மறுநாள் அவள் மேசையில் வெள்ளைப் பூங்கொத்து இருந்தது. ஆய்வகத்தில் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அவள் கழுவ வேண்டிய குடுவைகளை யாரோ கழுவி வைத்திருந்தார்கள். வழிகாட்டிப் பேராசிரியர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர்தான், ஆனால் இத்தனை வருடமாக, "எப்போ எழுதி முடிக்கப் போறீங்க?" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை. அன்று நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"நீங்க என்கிட்ட சொல்லியிருக்கலாம். வீட்ல சாவு நேர்ந்த மாணவங்களுக்கு ஒரு உதவி நிதி இருக்கு. இந்தப் பருவக் கட்டணத்தைத் தள்ளுபடி பண்ணுவாங்க. ஊருக்குப் போய்வர டிக்கெட்டும் குடுப்பாங்க. இதை நிரப்பிக் குடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

அவள் வாங்கிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்காமல் அதை இரண்டாக மடித்தாள். அவர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டணம் இல்லை என்றால் அந்த ஜன்னலில்லாத அறைக்குப் போக வேண்டாம். ஒரே ஒரு தடவை எழுத்தில் கொன்றுவிட்டால், அப்புறம் வாரா வாரம் கொல்ல வேண்டியதில்லை. ஊருக்கும் போகலாம், போய் அவனையே பார்க்கலாம். கணக்கு கச்சிதமாகத்தான் இருந்தது. பேனாவை எடுத்தாள். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் அவன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள். போட்டதும் முதுகுப் பக்கம் அறை சில்லிட்டது போல இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள்.

மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அவன் வேலைக்குப் போய்ட்டானே. ஏன்டி, குரல் ஒரு மாதிரி இருக்கு? அங்க எதுவும் பிரச்சனையா?"

"இல்லம்மா. சும்மாதான்."

அவன் திருப்பிக் கூப்பிடும்வரை அவள் அந்த ஒற்றை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டபோது பின்னால் கிணற்றுக்குள் இருப்பது போல எதிரொலி கேட்டது.

"என்னக்கா அதிசயம், நீயே போன் பண்ணியிருக்க? லிஃப்ட் பள்ளத்துக்குள்ள இருக்கேன், சொல்லு."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அட்டை, பைக், டேய், பூங்கொத்து, படிவம். முடித்தபோது அழுதுகொண்டிருந்தாள், அந்த அறையில் அழும் அழுகை மாதிரி இல்லாமல் மூக்கடைத்து அசிங்கமாக வந்தது. அந்தப் பக்கம் அவன் வெடித்துச் சிரித்தான். பள்ளம் முழுக்க அந்தச் சிரிப்பு மோதித் திரும்பியது.

"அடிப்பாவி! நான் இத்தனை தடவை செத்திருக்கேன், எனக்கு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சிரிக்காதடா."

"பின்ன என்ன பண்றது?" என்றவன் குரலை இறக்கினான். "அதனாலதான் என் போனை எடுக்கலையா? நான் என்னமோ, அக்கா பெரிய ஆளாயிட்டா, லிஃப்ட் மெக்கானிக்கைத் தம்பின்னு சொல்லிக்கக் கூச்சப்படறான்னு நினைச்சேன். அம்மாகிட்டகூடச் சொல்லலை."

அவள் மூக்கைச் சிந்தித் துடைத்தாள்.

"அந்தப் படிவத்தை மட்டும் குடுத்துடாதக்கா. நடிக்கிறது வேற. கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கினா அது வேற. எங்கயாவது சுத்தி அம்மா காதுக்கு வந்தா அவ தாங்க மாட்டா."

பெரியவள் படிவத்தை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போய் உள்ளதைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்போ... உங்க தம்பி?"

"நல்லா இருக்கான் சார். லிஃப்ட் ரிப்பேர் பண்ணிட்டு இருக்கான்."

சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. "ரொம்ப சந்தோஷம்" என்று துக்கம் விசாரிக்கும் குரலிலேயே சொன்னார். அறைத்தோழியிடமும் போய்ச் சொன்னாள். கட்டிக்கொண்டு அழுதவளுக்கு அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழி தெரியவில்லை. அந்த மாதக் கடைசியில் வேறு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். வாடகை முழுக்க இவள் தலையில் விழுந்தது.

பெரியவள் நர்ஸம்மாவிடம் சாவுச் செய்தி வேண்டாம், பழைய தலைவலியே போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். கூலி இறங்கியது. உணவகத்துக்குத் திரும்பிப் போனாள். விசா கொடுத்த மணிநேரம் முழுவதையும் தட்டுகளிலும் தலைவலியிலும் போட்டுப் பார்த்தும் பள்ளம் நிரம்பவில்லை. இடையில் ஒரு தடவை, மறுபடி ஒத்திகைக்குப் போய், தூரத்துச் சொந்தக்காரப் பையன் ஒருவனின் முகத்தை வைத்து அழ முயன்றாள். நர்ஸம்மா பாதியிலேயே கையைத் தூக்கி நிறுத்திவிட்டார். "இவரை உங்களுக்குப் பிடிக்காது போல இருக்கே" என்றார். உண்மைதான், அவன் கல்யாண வீடுகளில் செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு போகிறவன்.

அதைச் சின்னவனிடம் சொன்னபோது இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவன் சொன்னான்:

"என்னையே வெச்சுக்கக்கா."

"என்னடா?"

"அழுகை வந்தாத்தானே அந்த வேலை? நான் செத்தா உனக்கு வருதுல்ல? நான் சாகறேன், நீ படிச்சு முடி."

"வாயை மூடு. நல்ல வார்த்தை பேசு."

"நிஜமாத்தான் சொல்றேன். பைக்கைக் குடுத்தப்ப வாங்கிக்கிட்டேல்ல? அதுலயாவது எனக்கு நஷ்டம். இதுல எனக்கு என்ன செலவு?"

அவள் போனை வைத்துவிட்டாள். ஒரு வாரம் அதைப் பற்றி நினைக்காமல் இருந்தாள். அப்புறம் நர்ஸம்மாவிடம் போய் அட்டையை வாங்கிக்கொண்டாள்.

அனுமதி கிடைத்த பிறகு பாரம் குறையும் என்று நினைத்திருந்தாள். முன்பு அவனை அவனுக்குத் தெரியாமல் எடுத்து வந்து அறைக்குள் வைத்தாள். இப்போது அவனே வந்தான். டாக்டர் கதவைத் திறந்து வரும்போது அவர் பின்னாலேயே உள்ளே வந்து, உட்கார நாற்காலி இல்லாததால் சுவரில் சாய்ந்து கைகட்டிக்கொண்டு நின்றான். தன் சாவை இவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று தலையைச் சாய்த்துக் கேட்டான். அவள் அந்தச் சுவர்ப் பக்கம் பார்க்க மாட்டாள். ஒரு நாள், சின்னப் பெண்ணாகத் தெரிந்த ஒரு பயிற்சி டாக்டர், செய்தியைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டாள். மற்றவர்கள் அதைக் கேட்டதில்லை. பெரியவள் தன்னை மறந்து சுவரைப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். வெறும் வெள்ளைச் சுவர். அந்தப் பெண்ணின் கையில் மயிர்க்கால் குத்திட்டு நின்றதை இவள் பார்த்தாள். மதிப்பெண் தாளில் எல்லாக் கட்டத்திலும் முழு மதிப்பெண் போட்டுக் கொடுத்தாள்.

கட்டணம் கட்டினாள். படலம் வளர்ந்தது. எழுதினாள், திருத்தினாள், மறுபடி எழுதினாள். வாய்மொழித் தேர்வில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னாள். பட்டம் வந்தது. கடைசி நாள் அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது, நர்ஸம்மா அவள் செய்த மணிநேரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். "தலைவலிக்கு ஆள் வேணும்னா கூப்பிடறேன்" என்றார். அவள் ஊருக்குப் போகிறாள் என்பது அவருக்கு நினைவில்லை.

ஆறு வருடம் கழித்து விமான நிலையத்து வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்தாள். ஒல்லியான ஒரு பையனைத் தேடினாள். நீலச் சட்டையைத் தேடினாள். இல்லை. சற்றுத் தொந்தி போட்ட, முன்மண்டையில் முடி ஏறிப்போன, தாடி வைத்த ஒரு ஆள் வழியை மறைத்துக்கொண்டு நின்றான். அவனைச் சுற்றிக்கொண்டு வண்டியைத் தள்ளினாள்.

"அக்கா."

குரல் அவனுடையதுதான். திரையில் அவன் எப்போதும் வேலை நேரத்து ஹெல்மெட்டோடுதான் வருவான். அதற்கடியில் தலை இப்படி ஆகியிருப்பது அவளுக்குத் தெரியாது. தாடி இந்தக் கடைசி மாதத்தில் விட்டதாக இருக்க வேண்டும்; முகவாய்த் தழும்பு அதற்குள் மறைந்து கிடந்தது.

"என்னக்கா, அடையாளம் தெரியலையா?"

"தெரியாம என்னடா" என்றாள். ஆனாலும் காரில் வீடு வரும்வரை அவனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள். விசில் வரும் வரும் என்று எதிர்பார்த்தாள். அவன் சாலையைப் பார்த்து அமைதியாக ஓட்டினான்.

மறுநாள் மதியம், சாப்பாடு முடிந்து அம்மா உள்ளே படுத்திருந்தாள். கூடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு தடவை செஞ்சு காட்டுக்கா."

"எதை?"

"நான் சாகறதைத்தான். ஊரெல்லாம் பாத்திருக்கு. நான் பாக்க வேணாமா?"

"போடா, லூசு."

"நான்தான் டாக்டர்" என்று நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டான். சட்டைப்பையில் பேனாவைச் செருகினான். மாட்டேன் மாட்டேன் என்று சிரித்துக்கொண்டே அவளும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பழகிய உடம்பு, கைகள் தாமாகவே மடியில் கோத்துக்கொண்டன. அவன் தொண்டையைக் கனைத்தான். முழங்காலைப் பார்க்கவில்லை, இரத்த ஓட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. அவள் கண்ணையே பார்த்தான். களைத்த, பொறுமையான பார்வை.

"உங்க தம்பி எறந்துட்டாருங்க" என்றான்.

அவளுக்குள் அந்த அழுகை எழுந்து வந்தது. 'டேய்' என்று கூப்பிட வேண்டிய இடம். கூப்பிட்டால் எதிரிலிருப்பவன் 'என்ன' என்பான். கூப்பிடவில்லை. வேறொரு சொல் வந்தது; அத்தனை டாக்டர்களில் ஒருவரிடமும் அவள் கேட்டிராதது.

"எப்போ?"

அவனிடம் அட்டை இல்லை. சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னான்.

"நீ போனதுக்கு அப்புறம்தான்க்கா."

சொன்னவன் முகமே மாறிவிட்டது. யார் சொன்னது என்று தேடுவது போல ஒரு கணம் விழித்தான். பிறகு அவசரமாகச் சிரித்து, "சும்மா... விளையாட்டுக்கு" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கனத்து, காய்ப்பேறி, கிரீஸ் கறை நிரந்தரமாகப் படிந்த கை. அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

"யாருடா செத்தது? மத்தியான வேளையில என்ன பேச்சு இது?" உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"சினிமாக் கதைம்மா. நீ தூங்கு" என்றான் அவன்.

அம்மா எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள். பிள்ளைகள் இருவரையும் பார்த்தாள். சமையலறைப் பக்கம் போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள். தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்கும்வரை பெரியவள் அந்தக் கையை விடவில்லை.